கண்டமாலையும் கழலையும்: ஒரு கழுத்து, இரண்டு நோய்கள்

"கண்டமாலை" என்ற சொல்லைக் கேட்டதும் நகைக்கடையில் தொங்கும் அட்டிகையோ ஆரமோ நினைவுக்கு வரலாம். கண்டம் என்றால் கழுத்து, மாலை என்றால் மாலைதானே? ஆனால் இது நகையின் பெயர் இல்லை. ஒரு நோயின் பெயர். கழுத்தைச் சுற்றி மணிமணியாகக் கட்டிகள் கிளம்பி, சில சமயம் உடைந்து சீழ் வடிந்து, ஆறினாலும் தழும்பு விட்டுப்போகும் நோய். சித்த, ஆயுர்வேத நூல்களில் பல நூறு வருஷங்களாக இருக்கும் பெயர் இது.

கழுத்து வீக்கத்துக்கு நம்மிடம் இன்னொரு பெயரும் உண்டு. கழலை! பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் "முன்கழுத்துக் கழலை" என்று படித்திருப்பீர்கள். அயோடின் குறைவால் வருவது என்று எழுதி ஒரு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள்.

இரண்டும் கழுத்தில்தான் வருகின்றன. இரண்டும் சுரப்பி நோய் என்றே வெகுகாலம் சொல்லப்பட்டன. ஆனால் ஒன்றுக்கு மருந்து மாத்திரை, இன்னொன்றைத் தடுப்பது உப்பு. அந்த உப்பு தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களிலும் விளைகிறது. ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கும் சாகுபுரம் பக்கம் போனவர்களுக்கு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்கள் தெரிந்திருக்கும். இந்த இரண்டு பெயர்களையும் மனிதர்கள் பிரித்து அறிய எவ்வளவு காலம் ஆனது, அதற்குள் என்னென்ன நடந்தது என்று பார்ப்போம்.

பெயரில் ஒரு குழப்பம்

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்டமாலை வடமொழியிலிருந்து வந்தது. வடமொழியில் "கண்ட" என்று நாம் எழுதக்கூடிய சொற்கள் இரண்டு. ஒன்று கழுத்தைக் குறிப்பது. நீலகண்டன் என்ற பெயரில் இருப்பது அதுதான். இன்னொன்று முதலெழுத்தை அழுத்தி உச்சரிக்க வேண்டியது. அதற்கு வீக்கம், கட்டி என்று பொருள். நோயின் பெயரில் இருப்பது இந்த இரண்டாவது சொல். ஆகவே கண்டமாலை என்றால் "கட்டிகளால் ஆன மாலை" என்பதே சரியான பொருள். தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். அதனால் "கழுத்து மாலை" என்று பொருள் கொண்டாலும் யாருக்கும் உறுத்துவதில்லை. நோய் வருவதும் கழுத்தில்தானே!

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இந்த இடத்தில் தெளிவாக ஒரு கோடு போடுகிறது. கழுத்தில் ஒற்றை வீக்கமாக வந்தால் அது களகண்டம், பல கட்டிகள் வரிசையாக வந்தால் கண்டமாலை. இன்றைய மருத்துவம் முதலாவதைத் தைராய்டு வீக்கத்தோடும், இரண்டாவதைப் பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில் வரும் காசநோயோடும் பொருத்திப் பார்க்கிறது. நுண்நோக்கி இல்லாத காலத்தில் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் இந்த வித்தியாசத்தைக் கண்டிருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் நூலில் இருப்பது வேறு, ஊர் வழக்கு வேறு. பேச்சு வழக்கில் "கழலை" என்றால் உடம்பில் எங்கே வந்த கட்டிக்கும் பொருந்தும். முதுகில் கொழுப்புக் கட்டி வந்தாலும் கழலைதான். காலில் புண் வந்து தொடை இடுக்கில் கட்டினால் "நெறி கட்டியிருக்கு" என்போம். அதே இடத்தில் பெரிதாகக் கிளம்பினால் அரையாப்பு. காதுக்குக் கீழே கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. இதையே ஈழத்தில் கூகைக்கட்டு என்கிறார்கள். பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றில் எது எந்தச் சுரப்பி, எது சுரப்பியே இல்லை என்பதுதான் தெரியாமல் இருந்தது.

மேற்கத்தியர்களும் இதில் நம்மைவிட உசத்தி இல்லை. லத்தீன் மொழியில் "ஸ்ட்ரூமா" என்று ஒரு சொல். அதைக் கண்டமாலைக்கும் பயன்படுத்தினார்கள், கழலைக்கும் பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் ஆங்கிலேய மருத்துவர்கள் அந்தச் சொல்லைக் கண்டமாலைப் பக்கம் கொண்டு போனார்கள். ஜெர்மானியர்கள் கழலைப் பக்கம் கொண்டு போனார்கள். இன்றும் ஜெர்மனியில் ஸ்ட்ரூமா என்றால் தைராய்டு வீக்கம். ஒரே சொல், பக்கத்துப் பக்கத்து நாடுகளில் இரண்டு நோய்கள்! கண்டமாலைக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயர் "ஸ்க்ரோஃபுலா". பெண் பன்றியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வீங்கிய கழுத்து பன்றியின் கழுத்து மாதிரி இருக்கிறது என்று நினைத்தார்களாம். மாலை என்று பெயர் வைத்த நம்மவர்கள் கொஞ்சம் கருணையோடுதான் நடந்திருக்கிறார்கள்.

ராஜா தொட்டால் போகும் நோய்

ஐரோப்பாவில் கண்டமாலைக்கு இன்னொரு பெயரும் இருந்தது: "ராஜாவின் நோய்". ராஜாவுக்கு வருவதால் அல்ல. ராஜா தொட்டால் குணமாகும் என்று நம்பியதால்! இங்கிலாந்தில் 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட எட்வர்டு மன்னரிலிருந்து இந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். பிரெஞ்சு மன்னர்களும் தங்களுக்கு அந்தச் சக்தி உண்டு என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர் தன் ஆட்சிக்காலத்தில் சுமார் 90,000 பேரைத் தொட்டதாகக் கணக்கு இருக்கிறது. தொட்டு முடிந்ததும் ஒரு தங்கக் காசைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள்.

1712ல் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றை லண்டனுக்குத் தூக்கிப் போய் ஆன் மகாராணியின் கையால் தொட வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன். ராணி தொட்டும் நோய் போகவில்லை. கழுத்துத் தழும்பு கடைசிவரை இருந்தது. ஆனால் அந்தத் தங்கக் காசை அவர் சாகும்வரை கழற்றவில்லை. ஆன் ராணியோடு இங்கிலாந்தில் இந்தச் சடங்கு நின்றுபோனது. பிரான்சில் 1825ல் பத்தாம் சார்லஸ் பட்டம் சூடியபோதுகூட நடந்தது.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். நம் ஊரில் பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவோமே! அங்கே தங்கக் காசு, இங்கே தங்கச் சங்கிலி. இரண்டும் ஏன் "பலித்தன" என்பதற்குக் காரணம் ஒன்றுதான். பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ் காய்ச்சல். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே வடிந்துவிடும். கண்டமாலையும் சிலருக்குச் சில காலம் அடங்கும், பிறகு தலைதூக்கும். அடங்கிய நேரத்தில் தங்கத்துக்கும் ராஜாவுக்கும் பெயர் போய்ச் சேர்ந்தது. அடங்காதவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்த வருஷங்கள்

1656ல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் சுரப்பிகளைப் பற்றியே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். குரல்வளைக்கு அருகில் இருக்கும் சுரப்பிக்கு, கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்துத் தைராய்டு என்று பெயரிட்டவர் அவர்தான். தமிழில் "கேடயச் சுரப்பி" என்பது அதன் நேர் பெயர்ப்பு. ஆனால் பெயர் வைத்தாரே தவிர, அது என்ன வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

1811ல் பாரிஸில் பெர்னார் கூர்ட்வா என்பவர் வெடியுப்பு தயாரித்துக்கொண்டிருந்தார். நெப்போலியன் காலத்துப் போர், வெடிமருந்துக்கு ஏகக் கிராக்கி. கடற்பாசியை எரித்த சாம்பலில் கந்தக அமிலம் கொஞ்சம் கூடுதலாக விழ, ஊதா நிறப் புகை கிளம்பியது. அதுதான் அயோடின். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் பெயரானது. அதற்கு முன்பே கடற்பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கழலைக்குக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. ஜெனீவாவில் குவான்தே என்ற மருத்துவர், அந்தச் சாம்பலில் வேலை செய்வது அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்று யோசித்து 1820ல் அயோடினையே நேராகக் கொடுத்துப் பார்த்தார். கழலை சுருங்கியது. ஆனால் அளவு தெரியாமல் கொடுத்ததில் சிலருக்கு வேறு உபாதைகள் வந்தன. மருத்துவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். 1890களின் நடுவில் பாவ்மான் என்ற ஜெர்மானியர் தைராய்டுக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் திரும்பவும் சூடு பிடித்தது. 1922ல் ஸ்விட்சர்லாந்தின் ஒரு மாகாணத்திலும், 1924ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் உப்பில் அயோடின் கலந்து விற்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பக்கம் கண்டமாலையின் முடிச்சு 1882 மார்ச் 24 அன்று அவிழ்ந்தது. பெர்லினில் ராபர்ட் காஹ் காசநோய்க் கிருமியை அறிவித்த நாள் அது. நுரையீரலில் வந்தால் சயரோகம், கழுத்துக் கணுவில் வந்தால் கண்டமாலை, இரண்டுக்கும் ஒரே கிருமி என்பது அதன் பிறகு தெளிவானது. தைராய்டு ஒரு சுரப்பி. நிணநீர்க் கணுவோ உண்மையில் சுரப்பியே இல்லை, கிருமிகளை மடக்கிப் பிடிக்கும் சோதனைச்சாவடி. ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக ஒரே கூடையில் கிடந்த இரண்டு நோய்கள் ஒருவழியாகப் பிரிந்தன.

தமிழில் இதையெல்லாம் சொல்ல முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து 1847ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, பொது மருத்துவம் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழாக்கினார். முடிந்தவரை தமிழ்ச்சொல், இல்லாவிட்டால் வடசொல், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் வழி. இன்று நாம் "தைராய்டு" என்று தமிழ் எழுத்தில் எழுதுவதும் அந்த மூன்றாவது வழிதான்.

இரண்டு விடைகளும் நம் பக்கத்தில்

இந்தக் கதையின் கடைசிப் பகுதிக்கு ஐரோப்பா போக வேண்டியதில்லை.

கண்டமாலைக்கான விடையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளை மலைப்பிரதேச சானடோரியங்களில் மாதக்கணக்கில் வைத்திருந்த காலம் அது. வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1959ல் இந்த மையம் நிரூபித்தது. உலகமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இதே மையத்தின் மருத்துவர்கள் குழந்தைகளின் கழுத்தில் வரும் நிணநீர்க் கணுக் காசநோயையும் ஆராய்ந்து, 6 மாத மருந்து போதும் என்ற முடிவை 1990ல் வெளியிட்டார்கள். ராஜாக்கள் 90,000 பேரைத் தொட்டும் நடக்காத காரியம் 6 மாத மாத்திரையில் நடந்தது. அந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

கழலைக்கு வருவோம். ராபர்ட் மெக்காரிசன் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித் மலைக் கிராமங்களில் கழலையை ஆராய்ந்தார். ஓடை கீழே இறங்க இறங்க, அதன் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களில் கழலை அதிகமாக இருந்தது. எனவே அசுத்தத் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டினார். பின்னாளில் நம் குன்னூரில் சத்துணவு ஆய்வுக்கூடம் நடத்திப் புகழ் பெற்றவர் இவர்தான். அவ்வளவு பெரிய ஆய்வாளருக்கே இந்த நோய் கண்ணாமூச்சி காட்டியிருக்கிறது.

1956ல் இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குக் கழலை. சில வருஷங்களில் அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் அது பாதியாகவும் அதற்குக் கீழேயும் இறங்கியது. சாதாரண உப்புப் பகுதியில் மாற்றமே இல்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டது. 1962ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது.

கடல் உப்பில் இல்லாத கடல் சரக்கு

இங்கே ஒரு கேள்வி வரும். அயோடின் கடலில்தானே இருக்கிறது? தூத்துக்குடி உப்பு கடல் தண்ணீரிலிருந்துதானே வருகிறது? பிறகு எதற்குத் தனியாகக் கலக்க வேண்டும்?

பாத்தியில் கடல்நீர் காயும்போது உப்பு படிகமாகிக் கீழே படியும். அயோடின் அந்தப் படிகத்தோடு பெரிதாகச் சேர்வதில்லை. காற்றோடும், மிஞ்சும் கசப்பு நீரோடும் போய்விடும். கடற்பாசியும் மீனும் தங்கள் உடம்பில் அயோடினைச் சேர்த்து வைக்கும், கல் உப்பு சேர்த்து வைக்காது. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட் என்ற வேதிப்பொருளை உப்பின் மேல் தெளித்துக் கலக்கிறார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் பொட்டாசியம் அயோடைடைவிட இதுவே நிலைத்து நிற்கும். தயாரிக்கும் இடத்தில் பத்து லட்சம் பங்குக்கு 30 பங்கு, வாங்குபவர் கைக்கு வரும்போது குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. ஒரு லாரி உப்பில் ஒரு பிடி மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு மிகச் சொற்பம்.

இந்தக் கரையில் விளையும் உப்பு எல்லாமே சாப்பாட்டுக்குப் போவதில்லை. சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் வந்த ரசாயன ஆலைக்கு உப்புதான் மூலப்பொருள். அதிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். அந்த உப்புக்கு அயோடின் தேவையில்லை. கருவாடு போடவும் தோல் பதனிடவும் போகும் உப்புக்கும் தேவையில்லை. ஒரே மாதிரியான வெள்ளை அம்பாரம், ஆனால் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து இரண்டு சரக்கு. சாப்பாட்டுக்குப் போகக்கூடாத உப்பு மூட்டை சந்தைக்குள் நுழைந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்கோ நாக்குக்கோ வித்தியாசம் தெரியாது.

அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்ற தடை 1990களின் இறுதியில் நாடு முழுவதும் வந்தது. 2000ல் மத்திய அரசு அதை நீக்கியது. உப்பு விஷயத்தில் அரசு கட்டாயப்படுத்தலாமா என்று காந்தியவாதிகள் கேட்டார்கள். இயந்திரம் வாங்க முடியாத சிறு உற்பத்தியாளர்கள் பெரிய கம்பெனிகளோடு எப்படிப் போட்டி போடுவார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. 1930ல் வேதாரண்யத்தில் உப்புக்காகச் சிறை போன மண்ணில் இது நியாயமான கேள்விதான். 2006 மே 17 முதல் தடை மறுபடியும் வந்தது. 2011ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய விதி சட்டப்படி செல்லாது என்றது. ஆனால் மக்கள் நலன் கருதி அதை உடனே நிறுத்தாமல் அவகாசம் கொடுத்தது. புதிய உணவுப் பாதுகாப்பு விதிகளில் அந்தக் கட்டுப்பாடு தொடர்ந்தது.

உற்பத்தியாளரின் சிரமம் உண்மை என்றால் மறுபக்கத்து நஷ்டமும் உண்மை. கழலை வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. கர்ப்பிணிக்கு அயோடின் போதாவிட்டால் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். கழுத்து வீங்காமலேயே இது நடக்கலாம். பிறகு எந்த மருந்தாலும் அதை முழுதாகத் திருப்ப முடியாது. இதனால்தான் 1992ல் அரசுத் திட்டத்தின் பெயரிலிருந்தே "கழலை" எடுக்கப்பட்டு, "அயோடின் குறைபாட்டு நோய்கள்" என்று மாற்றப்பட்டது. வெறும் பெயர் மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவம் மூளையைப் பார்க்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

இனி வெட்கப்பட வேண்டிய ஒரு கணக்கு. 2018-19ல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி வரிசை! உப்பு விளைச்சலில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் ஒன்று நாம். காரணம் அந்தப் பெருமையிலேயே ஒளிந்திருக்கிறது. உப்பு பக்கத்திலேயே விளைவதால் மூட்டையில் வரும் கல் உப்பு மலிவாகக் கிடைக்கிறது. வடக்கே மலையூருக்குப் பாக்கெட்டில் அடைத்து அனுப்ப வேண்டியிருப்பதால் அங்கே அயோடினும் கூடவே போகிறது.

பெயர் சரியானால்...

இன்றும் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது! அது குறைவாகச் சுரக்கிறதா, அதிகமாகச் சுரக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்பதுதான் நோய். இன்று நகரங்களில் காணும் தைராய்டு கோளாறு எல்லாமே உப்பால் வருவதும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதாலும் வருகிறது. அதற்கு உப்பை மாற்றினால் தீராது, ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் வேண்டும்.

அதேபோல் கழுத்துப் பக்கவாட்டில் வலியில்லாமல் கட்டி வந்து இரண்டு மூன்று வாரம் தாண்டியும் போகாவிட்டால், "நெறிதானே கட்டியிருக்கு" என்று பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்கக்கூடாது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்று துப்பட்டாவால் மூடி மறைக்கவும் கூடாது. அது 6 மாதத்தில் குணமாகக்கூடிய காசநோயாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும்.

கண்டமாலை, கழலை, நெறிகட்டி, பொன்னுக்கு வீங்கி எல்லாம் அழகான சொற்கள். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். எந்தச் சொல் எந்த நோய்க்கு என்று தெரிந்து சொன்னால் போதும். ராஜாவின் கையும் தங்கக் காசும் செய்ய முடியாததை இன்று ஒரு மாத்திரை அட்டையும் ஒரு சிட்டிகை உப்பும் செய்கின்றன. வீட்டில் உப்பு ஜாடி திறந்தே கிடந்தால் மூடி வையுங்கள், ஈரத்தில் அயோடின் போய்விடும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.